கட்டிலை விட்டு எழுப்பியவர்கள்

லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் இருக்கும் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு 1935-இல் பக்கத்துக் கட்டடத்தையும் சேர்த்தார்கள். அது பழைய ஏழையர் விடுதி ஒன்றின் நோயாளிப் பிரிவு. உழைக்கத் தெம்பில்லாதவர்களையும் கவனிக்க ஆளில்லாதவர்களையும் ஏழைகள் சட்டத்தின்படி கொண்டுவந்து சேர்த்த இடம். அங்கே 714 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். கட்டிலை விட்டு இறங்கி வருடக்கணக்கானவர்கள் அவர்களில் பலர். அத்தனை பேரையும் கவனிக்கும் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. அறுவை சிகிச்சையில் நாட்டம் உள்ளவர், நாற்பது வயது நிரம்பாதவர். முதியோர் மருத்துவம் என்று தனித்துறை அப்போது இங்கிலாந்தில் கிடையாது.

வாரன் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஒவ்வொருவரையும் முழுதாகப் பரிசோதித்தார். இன்று இது சாதாரணக் காரியமாகத் தோன்றும். அந்த வார்டுகளிலோ பக்கவாதக்காரர்களும் மூட்டு முடங்கியவர்களும் மனம் கலங்கியவர்களும் ஒரே வரிசையில் கிடந்தார்கள். பலருக்கு என்ன நோய் என்றே யாரும் தீர்மானித்திருக்கவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

பரிசோதித்து முடித்து அவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். கொஞ்ச நேரமாவது எழுந்து நடமாடுகிறவர்கள் முதல் வகை. படுக்கையில் இருந்தாலும் மலஜலக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இரண்டாவது. அதுவும் போனவர்கள் மூன்றாவது. யாருக்கும் தொந்தரவில்லாமல் அமைதியாகக் குழம்பியிருக்கும் முதியவர்கள் நான்காவது. புத்தி முற்றிலும் பேதலித்து, தனியே வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் ஐந்தாவது. 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பட்டியல் இருக்கிறது.

தெற்கத்தி மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்களுக்கு எங்கள் தொழிலின் வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பட்டியலில்தான் தொடங்குவேன். நடை, மலஜலம், நினைவு மூன்றும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. எலும்புக்கு ஒரு மருத்துவர், நரம்புக்கு ஒருவர், மனதுக்கு ஒருவர் என்று பிற்காலத்தில் பிரித்து வைத்ததையெல்லாம் வாரன் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தார். பிறகு வார்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார், கைப்பிடிக் கம்பிகள் போடவைத்தார், எழுந்து நிற்கவும் நடக்கவும் தினமும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். 714 படுக்கைகள் இருந்த இடத்தில் 240 போதும் என்றானது. பலர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள்.

படுக்கையிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதையும் வாரன் எழுதினார். தசை வற்றுகிறது, மூட்டு மடங்கி இறுகுகிறது, புண் வருகிறது. அதோடு நிற்பதில்லை. நம்பிக்கை போகிறது, தன்மதிப்பு போகிறது, கடைசியில் எதிலும் பற்றில்லாத மந்தம் வந்து உட்காருகிறது. உடம்பு ஓய்ந்தபின் மனமும் ஓய்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல், பார்த்தே எழுதினார்.

அப்படியானால் அதற்கு முன் ஏன் படுக்க வைத்தார்கள்? கல்நெஞ்சத்தால் அல்ல. ஓய்வுதான் மருந்து என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. ஜான் ஹில்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1863-இல் ஓய்வின் குணப்படுத்தும் ஆற்றலைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள். முறிந்த எலும்புக்கும் வீங்கிய மூட்டுக்கும் சரியாக இருந்ததை முழு மனிதருக்கும் நீட்டிவிட்டதில்தான் தவறு நேர்ந்தது.

1947 டிசம்பரில் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் மருத்துவர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி அதே பத்திரிகையில் எழுதினார். நுரையீரல், ரத்தக் குழாய், தோல், தசை, எலும்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொரு உறுப்பாகப் படுக்கை செய்யும் கேட்டைச் சொல்லி, மனதில் கொண்டுபோய் முடித்தார். இருந்தும் அந்தப் பழக்கம் போகப் பல காலம் ஆனது. 1966-இல் டல்லஸ் நகரில் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து, அவர்களுடைய உடல் திறன் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதான அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகம் குறைத்திருந்தது. இருபது வயதுக் காளைகளுக்கே இந்தக் கதி என்றால் எண்பது வயதில் என்ன மிச்சம் இருக்கும்?

நம் வீடுகளில் இது பாசத்தின் பெயரால் நடக்கிறது. பாசம் பொய்யில்லை. ஒரு தடவை தடுக்கி விழுந்துவிட்டால் போதும், "நீங்க எந்திரிக்காதீங்க, என்ன வேணும்னு கேளுங்க, எடுத்துத் தர்றோம்" என்று வீடே சுற்றி நிற்கும். தண்ணீர் கைக்கு வரும், சோறு கைக்கு வரும், கொஞ்ச நாளில் பெட்பேனும் வரும்.

அப்படி வந்த ஒரு ஆச்சியைச் சொல்ல வேண்டும். கோயில் வாசலில் பிச்சிப்பூ விற்றவர். விடியுமுன் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வந்து, மதியம் வரை கட்டி, சாயங்காலம் வாசலில் உட்காருவது ஆயுள் முழுக்க அவர் வழக்கம். வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, வீக்கம் மட்டும்தான். பயத்தில் வாரக்கணக்காகக் கட்டிலிலேயே வைத்துவிட்டார்கள். மருத்துவமனைக்குத் தூக்கி வந்தபோது மருமகளைத் தன் செத்துப்போன தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் தூங்காமல் வாசலில் யாரோ பூ கேட்கிறார்கள் என்றார். முதுகில் படுக்கைப்புண், சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர்ச்சத்து இல்லை. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைக்குப் புத்தி மாறிப்போச்சுங்களா மேடம்?" என்று கேட்டார்.

மருத்துவர் கிருமிக்கு மருந்து கொடுத்தார். என் வேலை அவரை நாற்காலியில் உட்கார வைப்பது. முதல் நாள் கழுத்து நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தலையணை வைத்து, கால் தரையில் படும்படி உட்கார வைத்தேன். வெளியே பூக்காரியிடம் கொஞ்சம் உதிரிப்பூவும் வாழைநாரும் வாங்கி வந்து மடியில் போட்டேன். ஆச்சி பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போனது. நாரை நனைக்கத் தண்ணீர் தேடியது. இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு இறுகலாக விழுந்தது. ஆனால் எத்தனை முழம் கட்டியிருக்கிறீர்கள் ஆச்சி என்று கேட்டதும் முழங்கையில் வைத்து அளந்தார், ஒன்று என்றார், மறுபடி அளந்தார், மறுபடியும் ஒன்று என்றார். இரண்டுக்குப் போக முடியவில்லை.

உட்கார்ந்தார், பிறகு நின்றார், பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை வந்தார். ராத்திரி தூக்கம் வந்தது. மருமகள் மருமகளானாள். ஆனால் பழைய ஆச்சி முழுதாகத் திரும்பி வரவில்லை. சில்லறைக் கணக்கு கடைசி வரை பிடிபடவில்லை. பூக்கடையைப் பேத்தி எடுத்து நடத்தினாள். திடீரென்று வந்த குழப்பம் தெளிந்தது, அடியில் மெதுவாக வந்துகொண்டிருந்த மறதிநோய் அப்படியே இருந்தது. இரண்டும் வேறு வேறு. ஆனால் முதலாவது ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் இரண்டாவதைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டுப் போகும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் வரும் இந்தத் திடீர்க் குழப்பத்தைத் தடுக்க முடியும் என்று 1999-இல் காட்டியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஷாரன் இனோயே. எழுபது வயதைத் தாண்டிய 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு. புது மருந்து எதுவும் இல்லை. தினமும் எழுப்பி நடக்க வைத்தார்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் எடுத்து மாட்டினார்கள். தேதியையும் இடத்தையும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால், முதுகு தடவல், மெல்லிய இசை. வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த குழப்பம் இப்படிக் கவனித்தவர்களில் 10 பேருக்குத்தான் வந்தது. நடக்க வைப்பதையும் நினைவூட்டுவதையும் ஒரே திட்டத்தில் சேர்த்துச் செய்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

வாரனுக்கும் இனோயேவுக்கும் இடையில் கிளாஸ்கோவிலிருந்து பெர்னார்டு ஐசக்ஸ் என்ற முதியோர் மருத்துவர் வந்தார். முதுமையின் பூதங்கள் என்று அவர் சில கோளாறுகளைச் சேர்த்துப் பெயரிட்டார்: அசைய முடியாமை, நிலைதடுமாறி விழுதல், சிறுநீர் அடங்காமை, புத்தி மங்குதல். ஒன்று வந்தால் மற்றதும் கூடவே வரும், எதையும் தனியாகப் பிடித்து வைத்தியம் செய்ய முடியாது என்பது அவர் கருத்து. பிறகு பர்மிங்காமில் பேராசிரியராக இருந்தபோது அவருடைய குழு 1986-இல் ஓர் எளிய பரிசோதனையை வெளியிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள், கொஞ்ச தூரம் நடங்கள், திரும்பி வாருங்கள், உட்காருங்கள். 1991-இல் கனடாவில் அதோடு 3 மீட்டர் தூரத்தையும் நிறுத்துகடிகாரத்தையும் சேர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர் கிடையாது.

எழுந்திருப்பதைப் பார்க்கத் தெரிந்தால் அதிலேயே பாதி தெரிந்துவிடும். கால் இரண்டையும் பின்னுக்கு இழுக்கிறாரா, கை எங்கே போகிறது, உடம்பை முன்னால் சாய்க்கத் தோன்றுகிறதா என்று பார்ப்பேன். தசை மட்டும் பலவீனம் என்றால் மூன்று தடவை முயன்று நாலாவது தடவை எழுவார். புத்தியும் மங்கியிருந்தால் பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்த்த காரியம் ஸ்வீடனின் ஊமியோ நகரில் நடந்தது. லில்லெமோர் லுண்டின்-ஓல்சன் என்ற பிசியோதெரபிஸ்டும் அவருடன் இருந்தவர்களும் முதியோர் குடியிருப்புகளில் இருந்தவர்களோடு நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள். சிலர் நடந்தபடியே பதில் சொன்னார்கள். சிலர் பதில் சொல்வதற்காக நின்றார்கள். 58 பேரில் அப்படி நின்றவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விழுந்தார்கள். 1997-இல் லான்செட் பத்திரிகையில் சின்னதாக இது வெளிவந்தது. பெரிய கருவி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. கூட நடந்து பேசினார்கள், அவ்வளவே.

இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வராந்தாவில் நான் எத்தனையோ பேரோடு நடந்திருக்கிறேன். "பேரப்பிள்ளைங்க எத்தனை பேர் தாத்தா?" என்று கேட்டால் நின்று, சுவரைப் பிடித்து, எண்ணிச் சொல்லிவிட்டு மறுபடி நடப்பார்கள். மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருந்தேன். நடப்பது காலின் வேலை மட்டும் இல்லை. தரை மேடா பள்ளமா, எதிரே ஸ்ட்ரெச்சர் வருகிறதா, அடுத்த அடி எங்கே என்பதையெல்லாம் மூளை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனத்தின் கையிருப்பு குறைந்தவருக்கு இன்னொரு வேலையையும் கொடுத்தால் ஏதாவது ஒன்றைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது.

2001-இல்தான் தள்ளாமைக்கு அளவுகோல் பிறந்தது. அதுவும் ஒரே வருடத்தில் இரண்டு. அமெரிக்காவின் லிண்டா ஃபிரைடு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்: தானாக எடை குறைதல், சோர்வு, கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல்படி. எல்லாம் உடம்பின் அடையாளங்கள். மறதி அதிகமானவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் அந்தக் கணக்கிலிருந்தே விலக்கிவிட்டார். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து மருத்துவர் கென்னத் ராக்வுட் வேறு வழியில் போனார். கணித அறிஞர் அர்னால்டு மிட்னிட்ஸ்கியோடு சேர்ந்து, ஒருவருக்கு என்னென்ன குறை சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம் என்றார். காது மந்தமா, ஒன்று. சட்டை போட உதவி வேண்டுமா, ஒன்று. மறதியா, அதுவும் ஒன்று.

ஃபிரைடின் அளவுகோல் சுத்தமானது, ஆராய்ச்சிக்கு ஏற்றது, மறுக்கவில்லை. ஆனால் வார்டில் நிற்பவளாகச் சொன்னால் நான் ராக்வுட் பக்கம். நினைவு தப்பியவரை வெளியே நிறுத்திவிட்டு அளந்தால் என் வார்டில் பாதிக் கட்டில் காலியாக இருக்கும். வாரனின் காகிதத்துக்கு நெருங்கியதும் ராக்வுட்டின் பட்டியல்தான்.

உடம்பையும் நினைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்குப் பிறகு சிகாகோவிலிருந்து சான்று வந்தது. அங்கே ரஷ் பல்கலைக்கழகத்து ஆய்வில் சேரும் முதியவர்கள் வருடா வருடம் சோதனைக்கு உட்படுவதோடு, இறந்தபின் மூளையையும் ஆய்வுக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்கள். எத்தனை பெரிய கொடை! மறதிநோய் இல்லாத 823 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், உடம்பு தள்ளாதவர்களாக இருந்தவர்களுக்கே பிறகு அல்சைமர் நோய் அதிகம் வந்தது என்று ஏரன் பக்மன் 2007-இல் எழுதினார். அடுத்த வருடம் இன்னும் ஆழமாகப் போனார்கள். உயிரோடு இருந்தபோது மறதிநோயே இல்லாதவர்களில்கூட, உடம்பு தள்ளாமல் போனவர்களின் மூளையில் அல்சைமரின் படிவுகள் கூடுதலாக இருந்தன. அதாவது காலில் முதலில் தெரிந்த தளர்ச்சியே சிலருக்கு மூளையில் தொடங்கிவிட்ட நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் கதை உண்டு. ராக்வுட்டின் குழு அதே ஆய்வில் இருந்த 456 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டது. அவர்களில் 8 சதவீதத்தினரின் மூளையில் படிவுகள் நிறைய இருந்தும் மறதிநோய் வரவில்லை. 11 சதவீதத்தினருக்குப் படிவுகள் கொஞ்சமாக இருந்தும் வந்துவிட்டது. தள்ளாமை கூடியவர்களிடம் கொஞ்சப் படிவே போதுமானதாக இருந்தது. உடம்பு திடமாக இருந்தவர்கள் அதிகப் படிவையும் தாங்கினார்கள். இதற்கு நடுவில், 2013-இல் துலூஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், மறதிநோய் அளவுக்குப் போகாத நினைவுக் குறையும் உடல் தள்ளாமையும் சேர்ந்து இருப்பதைத் தனி நிலையாகவே வரையறுத்திருந்தார்கள்.

நடந்தால் மறதி வராது என்று இதிலிருந்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் எழுபது முதல் எண்பத்தொன்பது வயது வரை உள்ள 1,635 பேரை வைத்து, ஒரு பாதிக்கு நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும், மறுபாதிக்கு நலக்கல்வியும் கொடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்கள் தாமாக நடக்கும் திறனை அதிக காலம் காப்பாற்றிக்கொண்டார்கள். நினைவாற்றலில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை என்று 2015-இல் முடிவு வந்தது. ஆனால் அதே வருடம் பின்லாந்தில் 1,260 பேரிடம் உடற்பயிற்சி, உணவு, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த ஆய்வில் ஒட்டுமொத்த சிந்தனைத் திறன் மேம்பட்டது. ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்கினால் போதாது என்று ஐசக்ஸ் சொன்னது நினைவுக்கு வருகிறது.

நம் பக்கத்திலும் இந்த வரலாற்றுக்கு ஒரு கிளை உண்டு. இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் முயற்சி அது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பும் முதலில் வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள், மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லையே என்று கேட்டுத் தொடங்கிய குழு, சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் ஜோ வர்கீஸ் மெதுநடையும் மறதி பற்றிய புகாரும் சேர்ந்திருப்பதை முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2013-இல் சொன்னார். கோழிக்கோட்டு முதியவர்களிடமும் அந்த ஆய்வு நடந்தது. நிறுத்துகடிகாரமும் நாலு கேள்வியும் போதும் என்பதால் நம் ஊர்களுக்கு இது மிகவும் தோதானது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினர், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர், மறதிநோயோடு இருக்கிறார்கள் என்று அண்மைய தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க யாரால் முடியும்?

முதியோர் நல தேசியத் திட்டத்தின்படி மாவட்ட மருத்துவமனைகளில் பத்துப் படுக்கை கொண்ட முதியோர் வார்டுகள் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றில் இப்போதும் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். தரையில் 3 மீட்டருக்குக் கோடு போட்டிருக்கிறோம். முதல் தடவை பேசாமல் நடக்க விடுவோம். இரண்டாவது தடவை நடக்கும்போதே தலைக்கும் வேலை கொடுக்க வேண்டும். புத்தகத்தில் நூறிலிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் சொல்லியிருக்கும். பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் அதைக் கேட்டால் அவருடைய படிப்பைத்தான் அளப்போம். அதனால் உங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு வரும் பஸ் எங்கெங்கே நிற்கும் என்று கேட்கச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வரிசை மாறாமல் சொல்ல வேண்டிய விஷயம். இரண்டு தடவைக்கும் எத்தனை வினாடி, எந்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்ல முடியாமல் கால் நின்றது என்பதைக் கேஸ் ஷீட்டில் சர்க்கரை அளவுக்கு அடுத்த வரியிலேயே மாணவர்கள் எழுதுகிறார்கள். காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.